யூ இல்லாத க்யூ

— செருப்பை மாட்டு. பின்னால வழி இருக்கான்னு பாரு, போயிடுவோம்.

— என்னங்க விளையாட்டு இது? பல்லு வலி பல்லு வலின்னு மூணு நாளா வீட்டையே ரெண்டாக்கினீங்க. நாற்காலில சாஞ்சு, கழுத்துல துணியும் கட்டியாச்சு.

— வலி போயிடுச்சு. சத்தியமாப் போயிடுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊசில மருந்து ஏத்துறாரே, அவர் யார் தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல என்கிட்ட தோத்தவர்.

— இங்கிலீஷ் எழுத்துக் காயை அடுக்கி வார்த்தை சேப்பீங்களே, அந்தப் பொழப்பத்த ஆட்டமா? அவர் டாக்டர்னு முன்னாலயே தெரியாதா?

— அங்க எல்லாருக்கும் பட்டப்பேர்தான். நான் 'டிக்சனரி', அவர் 'ஊமை'. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

— சரி, தோத்தாரு. அதுக்காக உங்களைக் கொன்னா போடுவாரு?

— நியாயமா ஜெயிச்சிருந்தா நானும் பயப்பட மாட்டேன்டி.

— ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சீங்க?

— கடைசில கையில க்யூ எழுத்து மாட்டிக்கிச்சு. கூடவே வரவேண்டிய யூ இல்லை. யூ இல்லாம க்யூ வர்ற வார்த்தை முப்பது சொச்சத்தை பாத்ரூம் கதவுல ஒட்டி மனப்பாடம் பண்ணேனே...

— ஆமா, வெளியில ஆள் நிக்கிறது தெரியாம.

— அதுல ஒண்ணுகூட என் காய்க்குச் சேரல. க்யூ, ஐ, ஸெட், ஏ, எல். 'கிஸால்'னு நானே ஒண்ணைப் பெத்து வச்சுட்டேன். முகத்தை மட்டும் பாறை மாதிரி வச்சுக்கிட்டேன்.

— அப்படி ஒரு வார்த்தையே கிடையாதா?

— எந்த தேசத்துலயும் கிடையாது. எதிராளி சேலஞ்ச் பண்ணா அகராதில பாப்பாங்க. பொய்யின்னா நான் காயைத் திரும்ப எடுக்கணும். நிஜமா இருந்துட்டா அவருக்கு ஒரு சுத்து ஆடுற வாய்ப்பு போச்சு. அந்தப் பயத்துல விட்டுட்டாருன்னு நினைச்சேன். கோப்பை நம்ம அலமாரிக்கு வந்துடுச்சு. ஆனா வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டாமலா இருந்திருப்பாரு? வர்றாரு, வர்றாரு. சிரி.

— நல்லது, நல்லது. டிக்சனரி சாரா! எந்தப் பல்லு?

— பல்லா? ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா... இந்தப் பக்கமா வந்தோம்.

— கீழ்வரிசை, வலது பக்கம், கடைசி டாக்டர். மூணு நாளா தண்ணிகூட இறங்கல.

— நல்லது. திறங்க. ம்ம்... வேர் வளைஞ்சு கிடக்கு. தலையை ஆட்டாதீங்க, ஊசி போடுறேன். ஆச்சு. மரத்துப் போற வரைக்கும் ஒரு சந்தேகம் கேக்கலாமா? கிஸால்னா என்ன சார்?

— அ... அது வந்து... ஒட்டகத்துக்குப் போடுற மூக்குக்கயிறு டாக்டர்.

— நல்லது. எத்தனை முழம் இருக்கும்?

— முழமா?

— டாக்டர், கையில அது என்ன?

— இதுவாம்மா? குறடு. சொல்லுங்க சார், எத்தனை முழம்?

— டாக்டர், நான் புள்ளகுட்டிக்காரன்! பொய்தான், சத்தியமாப் பொய்தான். கோப்பையை நாளைக்கே கொண்டாந்து உங்க மேஜைல வச்சுடறேன்.

— பதறாதீங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்.

— தெரிஞ்சுமா சேலஞ்ச் பண்ணாம விட்டீங்க?

— எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பண்றது? அதுக்கு முந்தின சுத்துல நான் வச்ச 'வோஜெக்ஸ்' மட்டும் எந்த அகராதில இருக்கு? நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடுத்தீங்க. பதிலுக்கு நானும் விட்டேன்.

— வோஜெக்ஸா? பனிப்பிரதேசத்துக் காத்துன்னு எனக்குப் பாடமே எடுத்தாரே! நேத்துகூட வோஜெக்ஸ் அடிக்குது, ஜன்னலைச் சாத்துன்னாரு டாக்டர்!

— நீ சும்மா இருடி. அப்பாடா! உசுரு இப்பதான் திரும்பி வந்துச்சு டாக்டர். நாக்குதான் தடிச்ச மாதிரி இருக்கு.

— நல்லது, நல்லது. மருந்து வேலை செய்யுது. நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கம்மா.

— இவ்வளவு தங்கமான மனுஷனைப் போயி என்னமோ நினைச்சாரு. நிதானமாக் கழட்டுங்க டாக்டர், எனக்கு அவசரமில்ல. கதவைச் சாத்திக்கிறேன்.

— ம். இப்ப நாம ரெண்டு பேர்தான். ஒரே தொழில்காரங்க, உங்ககிட்ட இனி என்ன மறைக்கிறது சார்? முகத்தை மட்டும் அசையாம வச்சுக்கிட்டா எந்த எழுத்தும் செல்லும்.

— ழா... ழாக்டர்?

— வாசல் போர்டுல என் பேருக்குப் பின்னால பட்டம்னு ஆறு எழுத்து இருக்கே, அதையும் நானாத்தான் அடுக்கினேன். பதினாலு வருஷமாச்சு, ஒருத்தர்கூட சேலஞ்ச் பண்ணல. ம், நல்லாப் பெரிசாத் திறங்க.