நினைவு என்பதை ஓர்மை என்று வாசிக்கவும்

பழைய காகிதங்களை அடுக்குவதற்கு முன்னால் குண்டூசிகளை எடுத்துவிட வேண்டும், ஐயா. நம் மாவட்டத்துக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். ஊசி துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். ஏசுஅடிமை சாருடைய காகிதங்களிலிருந்து நான் எடுத்த ஊசிகள் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய இருக்கின்றன.

அவர் இறந்ததை நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுபத்தாறு வயது, சர்க்கரையில் பார்வை போனவர், மாடிப்படி. யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் எழுதியதில் பிழை இருக்கிறது. பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது.

என் பெயர் ஆறுமுகப்பெருமாள். பூதப்பாண்டிப் பக்கம் வயல்காரக் குடும்பம். தினமும் இரண்டு பஸ் மாறி மார்த்தாண்டத்துக்குப் போய், அங்கே ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தினேன். ஏசுஅடிமை சார் அங்கே பொது மேலாளர். கெட்டிக்காரர்தான், மறுக்க முடியாது. ஞானப்பாட்டுப் புத்தகத்தையும் பள்ளிக்கூட கைடுகளையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு விற்கத் தொடங்கியவர், சென்னைக்காரர்கள் தேடிவந்து நாவல் கொடுக்கும் அளவுக்குப் பதிப்பகத்தை வளர்த்தார். எந்தப் புத்தகம் விற்கும் என்று அட்டையைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

கடியப்பட்டணத்துப் படகுக்காரர்களைப் பற்றிய ஒரு நாவலுக்கு விருது கிடைத்தது. அதன் கடைசி இரண்டு அத்தியாயங்களை எழுதியது நான். ஆசிரியர் கொடுத்ததில் முடிவே இல்லை. சார் அந்தப் பிரதியை என் மேசையில் வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பேற்றிவிடச் சொன்னார். ஒப்பேற்றினேன். விருது மேடையில் ஆசிரியர் சாருக்கு நன்றி சொன்னார், சார் கர்த்தருக்கு நன்றி சொன்னார். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். இதுபோல இன்னும் பதினாறு புத்தகங்கள் உண்டு. வேண்டுமானால் பட்டியல் தருகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகம் அவருடைய காகிதங்களைக் கேட்டது. கடிதங்கள், டைரிகள், கார்பன் நகல்கள், பழைய தட்டச்சு இயந்திரம் எல்லாமே வேண்டும் என்றார்கள். அடுக்கித்தர என்னைக் கூப்பிட்டார். மாடியறையில் நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன், அவர் கேட்டுவிட்டு வைக்கலாம், வேண்டாம் என்பார். ஏழு மாதத்தில் நாற்பத்தோரு பெட்டி சேர்ந்தது. அத்தனையிலும் என் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு கேட்டு நான் எழுதிய சீட்டு அது. ஓரத்தில், ஒரு நாள் போதும் என்று சார் எழுதியிருந்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. நாளைக்கு யாரோ ஒரு பிள்ளை அந்தப் பெட்டிகளைத் திறந்து ஆராய்ச்சி செய்யும், முப்பத்தொரு வருடமாக லீவு கேட்டதைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை என்று முடிவுக்கு வரும். ஆகவே விட்டுப்போனதைச் சேர்த்தேன். பழைய நகல் தாளும் கார்பனும் இருந்தன, இயந்திரமும் இருந்தது. கார்பன் நகலுக்குக் கையெழுத்து தேவையில்லை. அவர் மதியம் தூங்கும்போது, அவரே எழுதியதுபோல ஏழு கடிதங்கள் அடித்தேன். நடந்ததைத்தான் எழுதினேன் ஐயா, எழுதியவர் மட்டும்தான் வேறு.

ஆறு கடிதங்களைச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஏழாவதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வாயால் ஒரு தடவை ஆமாம் என்று கேட்க ஆசைப்பட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் மகள் ஆன்ஸ்லின் ஆராதனைக்குப் போயிருந்தாள். அந்த நாவலின் ஆசிரியருக்கு 1998-இல் சார் எழுதியதாக உள்ள கடிதம். கடைசி அத்தியாயங்கள் ஆறுமுகப்பெருமாளின் உழைப்பு என்பதை என்றும் நினைவில் வையுங்கள் என்று முடியும். வாசித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அது எனக்க லெட்டர் இல்ல," என்றார்.

மறந்திருப்பீர்கள் சார் என்றேன்.

"எனக்க லெட்டர்ல நினைவுண்ணு நான் எழுதவே மாட்டேன். ஓர்மைண்ணாக்கும் எழுதுவேன். அச்சுல நீரு அதை வெட்டுவீரு, லெட்டர்ல யாரு வெட்டுவா? இது ஒம்ம வேலையாக்கும், பெருமாளு."

எங்கள் வீட்டிலும் ஓர்மைதான் ஐயா. நினைவு என்று பேசினால் என் மனைவியே சிரிப்பாள். ஆனால் முப்பத்தொரு வருடமாக அந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் அடித்து நினைவு என்று எழுதியவன் நான். கை பழகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஒரு பொய்த்தாள் இருந்தால் நாற்பத்தோரு பெட்டியும் சந்தேகமாகிவிடும், நூலகத்துக்கு இப்போதே போன் செய்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லப்போவதாக நிதானமாகச் சொன்னார். போன் கீழே இருந்தது. எழுந்தவர், வாசலில் நின்று இதையும் சொன்னார்:

"பேரு வேணும்னா கேட்டிருக்கலாமே வேய். குடுத்திருப்பேனே."

கேட்டிருக்கலாமாம். என்னிடம் அவர் எதையாவது கேட்டு வாங்கினாரா?

மாடிப்படி பதினேழு. கையைப் பிடித்தால் அவருக்குப் பிடிக்காது. சுவரைத் தொட்டபடி இறங்குவார், நான் பின்னால் நின்று எண்ணிச் சொல்வேன். தரை வந்ததும் சுவரை விட்டுவிட்டு வேகமாக நடப்பார். அன்றைக்கு நூலகத்தாரிடம் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டே இறங்கினார். பேச்சில் எண்ணிக்கையை விட்டு ஒன்பதாம் படியில் அவர் நின்றபோது, பதினேழு, தரை வந்தாச்சு சார் என்றேன். அவர் சுவரை விட்டார்.

தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவருக்கு உயிர் இருந்தது. பெருமாளு என்று இரண்டு தடவை கூப்பிட்டார். நான் மாடியறைக்குத் திரும்பிப் போய், இயந்திரத்தில் கார்பனோடு இன்னொரு பழைய தாளைச் செருகி அந்தக் கடிதத்தை மறுபடி அடித்தேன். நினைவில் வையுங்கள் என்பதை ஓர்மையில் வையுங்கள் என்று மாற்றினேன். மற்ற ஆறையும் எடுத்துப் பார்த்தேன், இன்னும் இரண்டில் அதே பிழை இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. தட்டும் சத்தம் கீழே கேட்டிருக்கும். இறங்கிவந்தபோது சத்தம் ஏதும் இல்லை. பிறகுதான் ஆன்ஸ்லினுக்குப் போன் செய்தேன்.

நினைவுக் கூட்டத்தில் அவள், கடைசிவரை அப்பாவுக்குக் கண்ணாக இருந்த மாமாவுக்கு நன்றி என்றாள். எந்த மாமா என்று சொல்லவில்லை. போன வாரம் நூலகத்தின் அச்சிட்ட பட்டியல் வந்தது. இருபத்துமூன்றாம் பெட்டியில் அந்தக் கடிதத்துக்கு இப்படிக் குறிப்பு போட்டிருக்கிறார்கள்: நாவலாசிரியருக்குக் கடிதம், 1998, அலுவலக ஊழியர் ஒருவரைப் பாராட்டி. ஊழியர் ஒருவர். இரண்டு தடவை திருத்தம் எழுதி அனுப்பினேன். இடம் போதாது என்று பதில் வந்தது.

அதனால்தான் இங்கே வந்தேன். செய்ததை ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வழக்கு முடிந்ததும் இதன் நகல் ஒன்றை அந்த நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள், நாற்பத்திரண்டாம் பெட்டியாக வைத்துக்கொள்ளட்டும். பேப்பர்காரர்களும் கேட்பார்கள். எனக்குப் பெயராசை கிடையாது ஐயா. அவர் பெயரை எந்த அளவு எழுத்தில் போடுகிறார்களோ, அதே அளவில் என் பெயரையும் போட்டால் போதும்.