மூன்று சீல்களும் புதியவை

மனநிம்மதியின் விலை எங்கள் கடையில் இரண்டு தேநீர். கார் கழுவுகிறவரோ லாரி கழுவுகிறவரோ, யாராக இருந்தாலும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் மக்கர் செய்தால் முகம் செத்துப்போய்த்தான் படியேறுவார். பம்பைப் பிரித்தால் உள்ளே மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் சீல் தேய்ந்து கிடக்கும். அதன் விலை அவ்வளவுதான். அதை இருபது தேநீருக்கு விற்கத் தெரிந்தவனுக்குப் பெயர் மெக்கானிக். என் அப்பா பழைய இரும்பு வியாபாரி. வாங்கும்போது துரு என்பார், விற்கும்போது கெட்டி இரும்பு என்பார், இரண்டுக்கும் நடுவில் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாது. நான் அவருக்குப் பிறந்தவன்.

நீங்கள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறீர்கள். பணம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் பாடு, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் இப்போது படித்துக் காட்டிய அறிக்கையில், பம்ப் சரியாகப் பழுதுபார்க்கப்படாததே விபத்துக்குக் காரணம் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியை எடுக்க வேண்டும். அதற்காகத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். மாப்பிள்ளை கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், என் தங்கையும் கூடப் போயிருக்கிறாள். நாம் ஆற அமரப் பேசலாம்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது தங்கையின் கணவரை. கல்யாணம் ஆன கையோடு கடையில் சேர்த்துக்கொண்டேன். தொழில் அவருக்கு என்னைவிட நன்றாக வந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. குறிப்பாகக் கசிவு கண்டுபிடிப்பதில். ஹோஸ் குழாயில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தால் மற்றவர்கள் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். இவர் கட்டைவிரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் நிற்பார். "இங்க மச்சான்," என்பார். அங்கேதான் இருக்கும். வாடிக்கையாளர்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, "கட்டைவிரல் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைப் பலகையில் என் பெயர் இருந்தது. அதை யாரும் அண்ணாந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. இந்தப் பம்புகளில் மூன்று பிஸ்டன், அதற்கு மூன்று சீல். நான் தேய்ந்ததை மட்டும் மாற்றுவேன். மற்ற இரண்டையும் துடைத்து எண்ணெய் தொட்டு மறுபடியும் உட்காரவைப்பேன். கொஞ்ச நாளில் அதில் ஒன்று போகும், மிஷின் திரும்பி வரும். வாடிக்கையாளர் என்றால் வாடிக்கையாக வர வேண்டாமா? மாப்பிள்ளை எனக்குத் தெரியாமல் மூன்றையும் மாற்றிவிடுவார்.

"மூணையும் மாத்திட்டா ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்ல மச்சான்."

"அதான் மாப்ள எனக்குக் கவலை."

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், பின் தெருவில் ஒரு ஷெட் பார்த்திருக்கிறாராம், அடுத்த மாதம் தனியாக ஆரம்பிக்கிறாராம். "உங்களோட சண்டை எதுவும் இல்ல மச்சான். ஆனா பழைய சீலைப் போட்டுட்டு புதுசுன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது." பக்கத்தில் தங்கை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் நல்லபடியாகச் செய்யுங்கள் என்று வாழ்த்தினேன். கை கழுவும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் போனால் யார் யார் பின்னாலேயே போவார்கள் என்று எண்ணியதில், என் பக்கம் மிஞ்சியவர் ஒருவர்தான். அவருக்கும் பாதி காது கேட்காது.

அந்த வாரம்தான் லாரி ஷெட்டுக்காரர் வந்தார். தாடிக்காரர் என்று சொல்வோம். மிஷினை ஹோஸோடு சேர்த்து இறக்கிவைத்தார்.

"தண்ணி வருது, நிக்குது, வருது, நிக்குது. கிழவனுக்கு இருமல் வந்த மாதிரி."

"பாத்துருவோம்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. நீங்க வாங்குற காசுக்குப் புது மிஷினே வாங்கிடலாம் போல."

"தாராளமா வாங்குங்க. அதையும் இங்கதானே கொண்டாரப் போறீங்க."

தாடிக்காரர் திட்டிக்கொண்டே போனார். நான் வேலையை ஆரம்பித்தேன். இந்தக் கட்டத்தைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர் உள்ளே வரும் வழி. வடிகட்டியில் பாசி அடைத்திருந்தது, கழுவினேன். இணைப்பில் காற்று உறிஞ்சுகிறதா என்று பார்த்தேன், இல்லை. தண்ணீர் பீய்ச்சும் முனை, நாசில், தேயவில்லை. எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தால் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. அப்படியென்றால் சீலைத் தாண்டித் தண்ணீர் எண்ணெய்க்குள் போகிறது. பம்பின் தலைப்பகுதியைக் கழற்றினேன். வால்வுகள் ஆறு. ஒன்றில் மணல் சிக்கி, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் இருந்தது. இருமலுக்குக் காரணம் அந்த மணல், இளைப்புக்குக் காரணம் சீல். வால்வு ஆறையும் கழற்றிக் கழுவினேன். எண்ணெயை மாற்றினேன். மூன்று சீல்களையும் புதிதாகப் போட்டேன்.

ஆமாம், மூன்றையும். என் கையால் அப்படிப் போட்டது அதுதான் முதல் தடவை. மிஷினை ஓட்டிப் பார்த்தேன். அழுத்தம் காட்டும் முள் ஏறி உச்சத்தில் நின்றது, இம்மிகூட ஆடவில்லை. புது மிஷினில்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் சும்மாவே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹோஸைப் பற்றிக் கேட்பீர்கள். ஹோஸ் அடிப்பக்கம் தரையில் இழுபட்டு ஓரிடத்தில் தோல் உரிந்து கம்பி தெரிந்தது. பம்ப் பலவீனமாக இருந்தவரை அங்கே வேர்த்த மாதிரி ஈரம் மட்டும்தான் இருந்திருக்கும். இப்போது முழு அழுத்தத்தில் தலைமுடியைவிட மெல்லிதாக ஒரு கோடு பீய்ச்சியது. நான் ஒரு அட்டையைப் பிடித்துப் பார்த்தேன். அட்டையில் ஓட்டை விழுந்தது. ஹோஸைப் பழையபடி அடிப்பக்கம் கீழே இருக்குமாறு ஈரத் தரையில் போட்டேன்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஹோஸில் எங்கேயோ கசிகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றேன். அவர் கவனக்குறைவான ஆள் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மிஷின் ஓடும்போது அழுத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைக்காமல் விரல் வைக்கவே மாட்டார். எப்போதும் கேட்பார். அன்றும் கேட்டார்.

"கொறச்சாச்சா மச்சான்?"

முள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவருக்குத் தெரியாது.

"ஆச்சு மாப்ள. பாருங்க."

அவர் சத்தம்கூடப் போடவில்லை. கையை எடுத்து உதறினார். கட்டைவிரலின் சதையில் ஒரு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு," என்று சிரித்தார். மிஷினை நிறுத்தினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் எடுத்து நானே ஒட்டிவிட்டேன்.

வெளியில் பார்க்கத்தான் அது ஊசி குத்திய காயம். உள்ளே அழுக்குத் தண்ணீரும் சோப்பும் கிரீஸும் சதையைக் கிழித்துக்கொண்டு மணிக்கட்டு வரை போயிருக்கும். கடை வைப்பதற்கு முன் நான் ஒரு பெயின்ட் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே ஸ்பிரே அடிக்கிறவருக்கு இதேதான் நடந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். நேற்றே வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாமே என்று டாக்டர் எங்களைத் திட்டினார். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, கை பன்னு மாதிரி வீங்கிருக்கு. வலில பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போயிரவா?"

"இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? போனா நாலு டெஸ்ட் எழுதி உன் கம்மலைக் கழட்டிருவானுங்க. வலி மாத்திரை குடுத்துத் தூங்க வை. காலைல நானே வர்றேன்."

"நெசமா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அண்ணன் சொல்றேன்ல."

நான் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். அப்பா போனபிறகு அவளை வளர்த்தது நான். காலையில் சொன்னபடி போனேன், நானே வண்டி பிடித்தேன், ஆஸ்பத்திரியில் நானே கையெழுத்துப் போட்டேன். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கையை எடுத்தார்கள்.

உங்கள் முகம் மாறுகிறது. மாற வேண்டிய அவசியமில்லை. ஒரு குடும்பம் இரண்டாக உடைய இருந்தது, உடையவில்லை. பின் தெரு ஷெட்டை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது கல்லாவில் உட்காருகிறார், இடது கையால் எழுதப் பழகுகிறார், எழுத்து பரவாயில்லை. போன வாரம் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் இல்லைன்னா எங்க கதி என்னண்ணே என்று அழுதாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அந்த ஆறுதலில் பொய் எதுவும் இல்லை. உயிருள்ளவரை அவர்களைப் பார்த்துக்கொள்வேன்.

நான் குறைத்துவிட்டேன் என்று சொன்னது பொய். காலையில் வருகிறேன் என்று தங்கையிடம் சொன்னது தெரிந்தே சொன்னது. இரண்டையும் தாராளமாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பழுது சரியாகப் பார்க்கப்படவில்லை என்ற அந்த வரியை என் கண்ணெதிரே அடித்துவிடுங்கள். தொழில் செய்கிறவனைப் பற்றி அப்படி எழுதுவது நியாயமில்லை. தாடிக்காரர் மிஷினை எடுத்துக்கொண்டு போய் இவ்வளவு நாளாகிறது, ஒரு புகார் இல்லை. வந்த பம்ப் ஒன்று, சரியாகிப் போன பம்ப் ஒன்று. என் பக்கம் பாக்கி எதுவும் இல்லை.