கட்டுரை நோட்டைத் திருத்தினது யாரு?

ஆமா மேடம், எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டெல்லாம் நான்தான் திருத்தினேன். தமிழ் டீச்சர் ஒண்ணுல கூட கை வைக்கல. அதுக்காக அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துடாதீங்க. காலேஜ்ல இருந்து திடீர்னு வந்து, அவங்கள விட்டுட்டு என்னை மட்டும் லேப்ல உக்கார வெச்சுக் கேக்குறீங்க. கதவ வேற சாத்திட்டீங்க.

ஆசிரியர் பயிற்சிக்குன்னு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாளே எனக்கு அவங்க மேல சந்தேகம்தான். பாடத்த நீயே வாசிம்மான்னாங்க. கட்டுரைய நீ படி, நான் கேக்குறேன்னாங்க. வருகைப் பதிவும் என் தலையில. சரிதான், இளிச்சவாய் ஒருத்தி கிடைச்சிட்டான்னு ஹாஸ்டல்ல போய்ப் பொருமினேன்.

அப்புறம் பிள்ளைங்க மேலயும் சந்தேகம். ஒருநாள் டீச்சர் போர்டுல எழுதின வரி மேலயே இன்னொரு வரிய எழுதுறாங்க. நாப்பது பேர்ல ஒருத்தர் சிரிக்கல. முதல் பெஞ்சுப் பொண்ணு எழுந்து போய்த் துடைச்சு, ரெண்டையும் தனித்தனியா எழுதிட்டு வந்து உக்காந்துட்டா.

மறுநாள் வேணும்னே ஒரு நோட்டத் தலைகீழா நீட்டி, கையெழுத்துப் போடுங்க டீச்சர்னேன். போட்டாங்க. அப்புறம் நோட்டோட தையலத் தடவிப் பாத்துட்டு, தலைகீழாக் குடுத்திருக்க, இல்லையான்னாங்க. கோபமே இல்ல மேடம்.

ஆமா, கண்ணுதான், சரியாத் தெரியல அவங்களுக்கு. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம். பிள்ளைங்களுக்கெல்லாம் தெரியும், ஒருத்தர்கூட வெளிய சொல்லல.

ஆனா வேலை செய்யலன்னு மட்டும் சொல்லாதீங்க. எழுதினவனையே எழுப்பிப் படிக்க வைப்பாங்க. பாதியில அவனே நின்னு, டீச்சர் இது தப்புன்னுவான். நான் சிவப்புப் பேனாவுல வட்டம் போட்ட தப்பெல்லாம் மறுவாரமும் வந்துச்சு. அவனாக் கண்டுபிடிச்சது வரல. நாளைக்கு நான் வகுப்பெடுத்தாலும் இப்படித்தான் எடுப்பேன்.

யாரு புகார் பண்ணியிருப்பாங்கன்னா கேக்குறீங்க? உங்க ஃபைல்ல இருக்கே, பேர் போடாத கடிதம், அது நான் போட்டதுதான் மேடம். ரெண்டாவது வாரம், ஒண்ணும் தெரியாம. நேத்து டீச்சர்கிட்டயே அத வரி விடாம ஒப்பிச்சேன். முழுக்கக் கேட்டுட்டு, எல்லாம் சரிம்மா, எழுவாய விட்டுட்டியேன்னாங்க.

என் பேர அதுல எழுதிக்குங்க மேடம்.