அட்டை எண்ணைச் சொன்னால் படப்பிடிப்பு நிற்கும்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து அஞ்சலி செலுத்த வந்திருக்கும் பெரியவர் அவர்களே, முன்வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் எங்கள் மேக்கப் மாமாவே, கூட்டக் காட்சிகளில் நின்று நின்று கால் கடுத்துப்போன என் தோழர்களே, தோழியர்களே! வணக்கம்.

வில்லன் வேடம் போட்டே காலம் தள்ளியவன் நான். படங்களில் எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் உருகி உருகிப் பேசியிருக்கிறேன். பாதிக் கூட்டங்களில், ஆளைக் கொன்றவனே நான்தான். அப்போதெல்லாம் வசனம் எழுதிக் கொடுக்க ஆள் இருந்தது. இன்று எவருமில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பொதுச் செயலாளர், பின்னணிக் குரல் கலைஞர், நாமெல்லாம் வாய் நிறைய ‘குரலக்கா’ என்று கூப்பிட்ட அந்தப் பெண்மணி போய்விட்டார். எத்தனை கதாநாயகிகளுக்காக அழுதவர்! அவருக்காக அழ இன்று எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்! மாமா, நீங்கள் பார்க்க வேண்டும், உங்கள் மனைவிக்காக மாடிப்படி வரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள்.

அவருடைய பெருமையைச் சொல்வதென்றால் என் சிறுமையையும் சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லை.

எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கலவரக் காட்சி. மரச் சாரத்தின் மேல் நம் துணை நடிகர் நெட்டை நின்றிருந்தார். பலகை உடைந்து கீழே விழுந்தார். “ஐயோ, காலு போச்சு! யாராவது வாங்களேன்!” என்று கத்தினார். நான் என்ன செய்தேன்? “கத்துடா, இன்னும் நல்லா கத்து!” என்று சொந்தமாக ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டேன். இயக்குநர் கட் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நெட்டை கத்திக்கொண்டே இருந்தார். “போதும்ப்பா, கட் சொல்லியாச்சு, எழுந்திரு” என்றேன். அடுத்த பட வாய்ப்புக்காக அளவு மீறி நடிக்கிறார் என்று நினைத்தேன்! நம் தொழிலைத் தவிர வேறு எங்காவது இந்த அநியாயம் நடக்குமா? ஒரு கொத்தனார் விழுந்தால் இன்னொரு கொத்தனார் கைதட்டுவாரா?

குடிதண்ணீர் சரியில்லை என்ற புகாரை விசாரிக்க அன்று அக்கா வந்திருந்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றவர், பார்க்காமலே, கேட்டமாத்திரத்தில் ஓடி வந்தார். “டேய், அது நடிப்பில்லடா! நாமெல்லாம் மூச்சை இழுத்துக்கிட்டுத்தான் கத்துவோம். அவன் மூச்சே இல்லாம கத்துறான். காது கேக்கலையா உனக்கு?”

கேட்கவில்லை. எனக்கு மட்டுமல்ல, அங்கிருந்த அறுபது பேருக்கும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் செயற்குழு கூடியது. நிஜமாக அடிபட்டால் என்ன சொல்லிக் கத்துவது? ‘நிறுத்துங்க’ என்றால், அது எல்லாக் கதையிலும் வருகிறது. ‘காப்பாத்துங்க’ என்றால், என் கையில் மாட்டிய அத்தனை பேரும் அதைத்தான் சொல்கிறார்கள். “‘இது நடிப்பில்ல, நிஜமா வலிக்குது’ன்னு வெச்சுக்கலாம்” என்றார் ஒருவர். வசனமும் எழுதும் உறுப்பினர் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டே, “போன மாசந்தான் அதை ஒரு படத்துக்கு எழுதிக் குடுத்தேன்” என்றார். துக்கத்திலும் சிரித்துவிட்டோம். அப்போதுதான் அக்கா சொன்னார்: “சங்க அட்டை நம்பரைக் கத்தட்டும். எந்தக் கதையில ராஜா தன்னோட அட்டை நம்பரைச் சொல்லிட்டுச் சாகறான்?”

அதுதான் இன்றைய பதினேழாவது விதி. எண்ணைச் சொன்னால் அந்த நொடியே படப்பிடிப்பு நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்வி அப்புறம்தான். அதற்கு ஒரு வருடம் போராடினார். “ஆளாளுக்கு நம்பர் கத்தினா படம் எப்பம்மா முடியும்?” என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். “கத்தாம செத்தா மட்டும் சீக்கிரம் முடிஞ்சிடுமா?” என்று திருப்பிக் கேட்டார். இரும்புக் கவசத்தில் மூன்று மணி நேரம் நின்ற ஒரு மூத்த நடிகர், கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் தன் எண்ணைக் கத்திவிட்டார். தயாரிப்பாளர்கள் கொதித்தெழுந்து வந்தார்கள். அக்கா அசரவில்லை. “அவர் நடிக்கிறார்னு நெனச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். பெரியவர் சிரிக்கிறார், அன்று வந்தவர்களில் அவரும் ஒருவர்.

தோழர்களே, இனி சொல்லப்போவது மாமாவுக்குக்கூடத் தெரியாது. போன மாதம் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தயாரிப்பாளர்களோடு புதிய ஒப்பந்தத்தைப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. பதினேழாவது விதியில் ஒரே ஒரு மாற்றம் கேட்டார்கள். எண்ணைச் சொன்னாலும், நிறுத்துவதா வேண்டாமா என்று தளத்தில் இருக்கும் மூத்தவர்கள் முடிவெடுப்பார்கள். பதிலுக்கு ஒவ்வொரு தளத்திலும் நமக்கு ஓய்வறை. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டேன் என்ற பூரிப்பில் அந்தக் காகிதத்தை அக்காவிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. “தம்பி, அன்னைக்கு அங்க இருந்த மூத்தவன் நீதானே? நிறுத்துனியா?” என்றார்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெட்கத்தில், சொன்னபடி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மாமா போன் செய்தார். அக்கா, உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை! இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். நிறுத்தவில்லை, அக்கா. கைதட்டினேன்.

பெரியவர் அவர்களே, அஞ்சலிக்கு வந்த இடத்தில் இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். நான் கொடுத்த சம்மதத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். ஓய்வறைக்காகத் தனியாக வந்து சண்டை போடுகிறோம். நிறுத்தும் உரிமை விழுந்தவருடையது. என்னைப் போன்றவர்களிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பேச்சுவார்த்தை. எனக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் நெட்டை உட்காருவார். நெட்டை, மறுக்காதீங்க. உங்களோடு நானும் வருகிறேன், உங்களுக்குப் பின்னால் நிற்கிறேன். நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.