ஒரு மயிரிழை கீழே

உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தேனே, அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், டாக்டர். உங்கள் அறை சுத்தமாகத்தான் இருக்கிறது. எனக்கு இது பழக்கம். பேருந்தில் கம்பியைப் பிடித்தால் இறங்கியதும் கை கழுவ இடம் தேடுகிறவன் நான். வீட்டில் இதை வைத்துக் கேலி செய்வார்கள். எனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் ஒரு லாரி சோப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பான் அண்ணன்.

தட்டில் பஞ்சின் மேல் வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணியின் வலது காதிலிருந்து எடுத்தது. அது என்னவென்றே தெரியவில்லை என்று அண்ணன் சொன்னானாம். கிட்டார் வாசிக்கிறவன் அப்படிச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் அழுதுகொண்டிருப்பவனுக்குக் கண் எங்கே தெரியும்? அது பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடிநாதம் தரும் தடித்த கம்பிக் கிட்டார், அதன் கம்பி மேல் சுற்றியிருக்கும் உலோகச் சுற்று. சாதாரணக் கம்பியில் இந்தச் சுற்று உருண்டையாக இருக்கும். இது நாடா போலத் தட்டையாக இருக்கிறது, பாருங்கள். தட்டைக் கம்பி மாட்டுகிறவன் எங்கள் குழுவில் நான் ஒருவன்தான்.

அதை ஏன் மாட்டுகிறேன் என்று சொன்னால் மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும்.

சிறுவயதில் அண்ணன் கிட்டார் கற்றுக்கொண்டான். நானும் வருகிறேன் என்று நின்றபோது, "வீட்டுக்கு ரெண்டு கூரை எதுக்குடா? நீ பேஸ் எடுத்துக்கோ. யாராவது அஸ்திவாரமா கிடக்கணும்ல" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது. பேஸ்காரனை யாரும் பார்ப்பதில்லை, தொடுவதில்லை, மேடையிலிருந்து இறங்கியதும் வந்து வியர்த்த கையைப் பிடித்துக் குலுக்குவதில்லை. எங்கள் டிரம்ஸ்காரனை இடி என்று கூப்பிடுவோம். பேஸ்காரன் செத்து விழுந்தால் மூன்று பாட்டு கழித்துத்தான் கூட்டத்துக்குத் தெரியும் என்பது இடி அடிக்கடி சொல்லும் நகைச்சுவை. அதில் நகைச்சுவை எதுவும் இல்லை. உண்மை அதுதான்.

என் முதல் பேஸ் யாரோ வாசித்துக் கைவிட்டது. வாங்கி வந்து துடைக்க உட்கார்ந்தேன். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிவரியாக உலோகம் பதித்திருக்கும், ஃபிரெட் என்போம். ஒவ்வொரு ஃபிரெட்டின் ஓரத்திலும் கறுப்பாக, மெழுகு மாதிரி ஒன்று அப்பியிருந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன். சுருண்டு சுருண்டு வந்தது. அது மரமோ தூசியோ இல்லை, யாரோ ஒருவருடைய விரல் தோல். வியர்வையில் ஊறி, காய்ந்து, அதன் மேல் மறுபடி ஊறி, வருடக்கணக்கில் சேர்ந்த மனித அழுக்கு. கம்பியின் சுற்றுகளுக்கு இடையிலும் அதுவே இருந்தது. வெந்நீரில் கம்பிகளைக் கொதிக்கவைத்தால் ஓசை தெளியும் என்றார்கள். கொதிக்கவைத்தேன். பாத்திரத்தின் மேலே பழுப்பு நுரை ஏடு கட்டியது. வாந்தி எடுத்தேன். அந்தப் பாத்திரத்தை அம்மாவுக்குத் தெரியாமல் தூக்கி எறிந்தேன்.

ஆகவே என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பேஸில் ஃபிரெட்டே இல்லை. வழவழவென்று வெறும் மரம். ஒரு முறை துணியை ஓட்டினால் போதும். கம்பியும் தட்டை, அழுக்கு ஒளிந்துகொள்ள இடுக்கே கிடையாது. கடைக்காரர் எச்சரித்தார். ஃபிரெட் இருந்தால் விரல் முன்னே பின்னே இருந்தாலும் சுரம் சரியாக விழும். இதில் விரல் ஒரு மயிரிழை கீழே போனால் சுரமும் ஒரு மயிரிழை கீழே போய்விடும், ரொம்பக் கஷ்டம், தம்பி, என்றார். நான் கஷ்டப்பட்டேன். விரல் நுனி உரிந்து, காய்ப்புக் கட்டி, அந்தக் காய்ப்பை நான் வாரம் தவறாமல் தேய்த்து எடுத்து, மறுபடி உரிந்து... கடைசியில் இம்மி பிசகாமல் வாசிக்க வந்தது. அப்போதெல்லாம் அண்ணன் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும்போது என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையசைத்தால்தான் முறுக்குவதை நிறுத்துவான். சும்மா சொல்கிறேன், இதற்கும் அண்ணியின் காதுக்கும் சம்பந்தமில்லை.

அண்ணி வந்தது அதற்குப் பிறகு. நன்றாகப் பாடுவார். நல்ல மனசு. நான் சாப்பிடாமல் எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவைப்பார். எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு பெரிய ஓட்டலின் உணவுக்கூடத்தில் மாலைதோறும் வாசிப்போம். வாசிப்பதையும் பாடுவதையும் நாங்களே கேட்டுக்கொள்ள மேடையில் ஆளுக்கொரு காதுக்கருவி உண்டு. யார் காதில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று சரிசெய்வது என் வேலை. ஒழுங்கானவன் என்று எனக்குக் கொடுத்தார்கள். என் காதில் அண்ணியின் மைக் எப்போதும் இருக்கும். நீங்கள் எல்லாரும் கேட்டது பாட்டு. நான் கேட்டது வாய். உதடு பிரியும்போது எச்சில் அறுபடும் சத்தம். நாக்கு மேலண்ணத்திலிருந்து உரிந்துவரும் சத்தம். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே தொண்டையில் கோழை ஏறி, விழுங்கப்பட்டு, இறங்கும் சத்தம். நிகழ்ச்சி முடிந்ததும் மைக்கின் வலையைக் கழற்றிக் கழுவுவதும் நான்தான். உள்ளே இருக்கும் பஞ்சைப் பிழிந்தால் என்ன வரும், அதில் என்ன வாடை அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் அந்த வாயைத்தான் பாட்டு முழுக்க வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் என் காதுக்கருவியை எடுத்து மாட்டினேன். ஈரமாக, இதமான சூடாக இருந்தது. கழற்றிப் பார்த்தேன். நுனியில் மஞ்சளாக, குழைவாக ஒட்டியிருந்தது.

"ஐயோ, உன்னோடதா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்குடா தம்பி" என்று அண்ணி சிரித்தார். "துடைச்சுக்கோ. நாம என்ன வேத்து ஆளா?"

இடியும் சிரித்தான். அண்ணன், நாளைக்கு இவன் காதையே கழற்றிக் கழுவப் போகிறான் என்றான். நானும் சிரித்தேன். அன்று என் காதைக் கழுவினேன், டாக்டர். மறுநாளும் கழுவினேன். இன்று காலையும் கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு நடந்தது தற்செயல்தான். உணவுக்கூடத்தில் குளிர்க்காற்று அதிகம். விரல் விறைத்து, ஒரு நீண்ட சுரத்தில் கொஞ்சம் கீழே ஊன்றிவிட்டேன். உடனே அண்ணியின் குரலும் கூடவே இறங்கியது. கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கும் குழந்தை மாதிரி. அவருக்கே தெரியவில்லை. பேஸ் பிசகினால் கேட்பவர்களுக்கு அது பேஸ் என்று தெரியாது. அதன் மேலே நிற்பவர்தான் சாய்வதாகத் தெரியும்.

அண்ணன் முதல் முறையாக முகம் சுளித்து அவரைப் பார்த்தான்.

அதன் பிறகு வேலை சுலபம். அண்ணியின் காதில் என் பேஸை நன்றாக ஏற்றி, கிட்டாரைக் கேட்டும் கேட்காமலும் குறைத்து வைத்தேன். அண்ணன் காதில் நேர்மாறாக வைத்தேன், அண்ணியின் குரல் முன்னால், நான் எங்கோ பின்னால். எல்லாப் பாட்டிலும் செய்யவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடும் இடங்களில் மட்டும் விரலை ஒரு மயிரிழை கீழே ஊன்றுவேன். பல வருடம் சரியாக வாசிக்கக் கற்றவனால்தான் அவ்வளவு அளவாகத் தப்பாக வாசிக்க முடியும். ஒரு முறை அண்ணனுக்குச் சந்தேகம் வந்து என் பேஸைச் சோதித்தான். விரல் ஊன்றாமல் வெறும் கம்பிகளை மீட்டிக் காட்டினேன். சுருதிக் கருவியில் சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. கம்பி பொய் சொல்லாது. விரலைச் சோதிக்கத்தான் கருவி கிடையாது.

அந்தச் சமயத்தில் ஓட்டலில் சாப்பிட வந்த ஓர் இசையமைப்பாளர் அண்ணியின் குரலைக் கேட்டு, ஒரு பாட்டு பதிந்து அனுப்பச் சொன்னார். அண்ணி அதற்காகவே உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை. எங்கள் பயிற்சி அறையில் நானே பதிந்தேன். அவர் என் பேஸைக் காதில் கேட்டுக்கொண்டு, அதோடு ஒட்டி அழகாகப் பாடினார். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு என் பகுதியை மட்டும் அழித்துவிட்டு, மறுபடி சரியான இடத்தில் விரல் வைத்து வாசித்துச் சேர்த்தேன். மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். கிட்டார் சரி. பேஸ் சரி. அண்ணி மட்டும் பாட்டு முழுக்கக் கீழே தொங்கிக்கொண்டிருந்தார்.

இடி தன் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அண்ணன்தான், "உனக்குச் சுருதி நிக்கல. இதை எப்படி அனுப்புறது?" என்றான்.

"நான் சரியாத்தான் பாடினேன்" என்றார் அண்ணி. "என் காதுக்குச் சரியாத்தான் இருந்தது."

வீட்டில் கிட்டாரோடு மட்டும் பாடினால் சுருதி கச்சிதமாக நின்றது. காதுக்கருவி மாட்டினால்தான் இறங்கியது. இதிலிருந்து அவர்கள் என்னிடமும் என் விரலிடமும் வந்து சேர்ந்திருக்கலாம். அவர்கள் வரவில்லை. குடும்பத்தில் யார் அப்படி யோசிப்பார்கள்? குறை காதில்தான் என்று அவர்களாகவே முடிவுக்கு வந்தார்கள். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். கருவியை அழுத்தி மாட்டுவதால் அழுக்கு உள்ளே போய் அடைத்திருக்கும் என்றேன்.

அண்ணி ஒரு மருத்துவமனைக்குப் போனார். உங்களிடம் இல்லை, வேறு இடம். பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையும் கண்ணை மூடி உருகும் இடத்தில் சுருதி இறங்கியது. மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்தார். சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டே இருந்தார். நகத்தில் ரத்தம் தெரிந்தது.

"நிஜமாச் சொல்லு தம்பி. நீ எப்பவும் உள்ளதைச் சொல்றவன். உள்ளே ஏதாவது இருக்குமா?"

"அவங்க மேலோட்டமாத்தான் பார்த்திருப்பாங்க அண்ணி. உள்ளே இருக்கும்."

பழைய கம்பியை மாற்றும்போது வெட்டி எறியும் துண்டுகள் என் பையில் இருந்தன. ஒரு துண்டை எடுத்து, நுனியை வளைத்துச் சின்னக் கொக்கி மாதிரி செய்து கொடுத்தேன். நானாகத் திணிக்கவில்லை, அவர் கையை நீட்டினார். அன்று அவர் முகத்தில் எனக்கு முதல் முறையாகப் பிடித்த ஒன்றைப் பார்த்தேன். தன்னைத் தானே அருவருத்துக்கொள்ளும் முகம். இத்தனை நாள் அந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும் சுமந்துகொண்டிருந்ததை இன்னொருவர் தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். குளியலறையில் நின்று குடைந்திருக்கிறார். தினமும். கம்பியின் வெட்டுமுனையில் நாடா பிரிந்து உள்ளே தங்கிவிட்டது. செவிப்பறை கிழிந்து, சீழ் பிடித்து, காதுக்குப் பின்னால் வீங்கிவிட்டது. மற்றக் காதையும் விட்டுவைக்கவில்லை. தலையணையில் படிந்த சீழை அண்ணன் வெறுங்கையால் துடைத்தான். அந்த வாடைக்கு நான் படுக்கையருகே போகவில்லை, கதவருகிலேயே நின்றுகொண்டேன். இரண்டு காதிலும் இனி ஒன்றும் கேட்காது என்று நீங்கள் அண்ணனிடம் சொன்னது அங்கிருந்தே எனக்குக் கேட்டது.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் மறுபடி என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒருவன் இப்படியெல்லாம் செய்வானா?

நேற்று மாலை வார்டில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு முனகலாகப் பாடினார். காதில் எதுவும் கேட்காமல், எந்த வாத்தியமும் இல்லாமல், அந்தப் பதிவுக்கான அதே பாட்டு. என் பையில் இருந்த சுருதிக் கருவியை நீட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு அணையவே இல்லை. சுருதி சரியாக இருந்ததா என்று அண்ணி அண்ணனிடம் சைகையால் கேட்டார். அழுகையில் அவனுக்கு எங்கே கேட்டிருக்கும்? என்னைத் திரும்பிப் பார்த்தான், பழையபடி, என் தலையசைப்புக்காக. நான் கருவியைப் பையில் போட்டுவிட்டு, இல்லை என்று தலையசைத்தேன்.

ஆமாம், டாக்டர். அந்தக் கம்பியைக் கொடுத்தது நான்தான், அவர் காதைக் கெடுத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், பேனா என்னிடமே இருக்கிறது. ஆனால் சீழ் பிடித்ததற்கு நான் காரணம் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.