மாட்டுக்கொட்டகையில் லண்டன் ஊறுகாய்

"எங்காத்து ஊறுகாய் மாட்டுக்கொட்டகையில இருக்கு, ஓய்!"

மயிலாப்பூர் டிராமில் முன் பெஞ்சு அல்பாகா கோட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"அங்கே ஏன்?" என்றார் பக்கத்தில் இருந்த குடுமிக்காரர்.

"பிள்ளை லண்டன்லேந்து அனுப்பினான். முழு வெங்காயத்தைக் காடியில ஊறப்போட்டது. யார் கை பட்டதோன்னு ஆத்துக்காரி சமையலுள்ளே விடமாட்டேன்னுட்டா."

"நீர் ருசி பார்த்தீரோ?"

"வைக்கோல் போடற சாக்குல ரெண்டு எடுத்தேன், அவ்வளவுதான். இன்னிக்குப் பார்த்தா பாட்டில் பாதி காலி!"

"ஆத்துல வேற யார் இருக்கா?"

"நானும் அவளும்தான்."

"அப்போ பசுதான் தின்னிருக்கும்."

"ஆமாம். தின்னுட்டு, மூடியைக் கெட்டியாத் திருகியும் வெச்சிருக்கு, ஓய்!"