தகடு கிழிந்த இடம்

காலை நேரத்தில் பெண்களுக்கு இரண்டு கை போதாது என்பதை அறிந்தவன் நான், ஐயா. விறகை ஊதி ஊதியே என் அம்மாவுக்குக் கண் கெட்டது. அதனால், பாலக்கோட்டுப் பட்டறையில் முதலாளி மாதேஸ்வரன் பம்பு ஸ்டவ் செய்யலாமா என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இந்த எழுபத்திரண்டாம் வருஷத்து விலைவாசியில் நம் பக்கத்து ஜனங்கள் பித்தளை ஸ்டவ் வாங்க முடியாது. எண்ணெய்த் தொட்டியை இரும்புத் தகட்டில் செய்தால் விலை இறங்கும். ஆனால் அது காற்றடிக்கிற தொட்டி. தகடு மெலிந்தால் வெடிக்கும். எவ்வளவு மெல்லியது வரை போகலாம் என்பதுதான் கேள்வி. முறைப்படி என்றால் ஒரு தொட்டி செய்து, பட்டறையில் மாதக்கணக்கில் எரித்து, குறை கண்டு, பிறகு அடுத்ததைச் செய்ய வேண்டும். ஓசூரில் வேறொருவர் இதே வேலையில் இறங்கிவிட்டதாகப் பேச்சு அடிபட்டது.

"அல்போன்ஸு, தீவாளிக்குள்ள இது கடைக்கு வந்தாவணும். இல்லீனா பட்டறையப் பூட்டிட்டு நானும் நீயும் தக்காளி விக்கத்தான் போவணும்" என்றார் முதலாளி.

ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதை எல்லாம் ஒரே நேரத்தில் செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஸ்டவ்களைச் செய்து வெவ்வேறு வீடுகளில் எரியவிடுவது. பட்டறையில் நாங்கள் பார்த்துப் பார்த்துக் காற்றடிப்போம். வீட்டில் ஒரு பெண், பிள்ளை அழுகிற அவசரத்தில் அடிப்பாள். அந்த அவசரத்தைப் பட்டறையில் உண்டாக்க முடியாது. முதலாளிக்கு இது பிடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கனத்தில் தகடு போட்டதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பயந்த சுபாவம்.

வீடுகளையும் நானே தேர்ந்தெடுத்தேன். விளம்பரத்துக்காக இனாம் என்று சொல்லிக் கொடுத்தேன். பெரும்பாலும் பிழைக்க வந்தவர்கள், சொந்தபந்தம் கிட்டத்தில் இல்லாதவர்கள். அவர்கள்தான் கொடுத்ததை மரியாதையாக வைத்துக்கொள்வார்கள்.

முதலில் சென்னம்மாளுக்குக் கை வெந்தது. மாரண்டஹள்ளியில் காய்கறி மூட்டை கட்டுகிறவள். தொட்டியின் இணைப்பு விட்டு எண்ணெய் பீய்ச்சி, முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. நல்ல சாமானைக் கெடுத்துவிட்டேன் என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், பழம் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது இணைப்பை எப்படி மடித்துப் பற்றவைக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. பட்டறையில் ஒரு மழைக்காலம் முழுக்க எரித்திருந்தாலும் கிடைக்காத தெளிவு அது. புதிய தொட்டிகளை அப்படியே மடித்தோம். வீடுகளில் இருந்தவற்றை நான் திரும்ப வாங்கவில்லை. வாங்கிவிட்டால், அவை சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும்.

இன்னொரு ஸ்டவ் வாங்கிய தீர்த்தம்மாள் வேறு மாதிரி. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணா, கிட்ட போனாலே எண்ண வாசம் அடிக்குதுங்க. பத்த வெச்சா உள்ளுக்குள்ள என்னமோ முறியற மாதிரி சத்தம். எனக்குப் பயமா இருக்குதுங்க. எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

தொட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். லேசாக உப்பியிருந்தது. இணைப்பின் ஓரத்தில் ஈரம். கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் பாரு" என்றேன். பற்ற வைத்துக் காட்டச் சொன்னேன்.

அவள் முதலில் பிள்ளைகள் இரண்டையும் தெருவுக்கு அனுப்பினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கையை மட்டும் நீட்டிக் காற்றடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. உதடு எதையோ முணுமுணுத்தது, தீர்த்தமலை சாமியை வேண்டிக்கொண்டிருக்கலாம். நான் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். இவ்வளவு பயந்து அடித்தால் பிரயோஜனம் இல்லையே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

போகிற வழியில் அவள் புருஷன் சென்றாயனைப் பார்த்தேன். "உன் சம்சாரம் ஸ்டவ்வ சரியாவே எரிக்கறதில்ல. நல்லா காத்தடிக்கச் சொல்லு. வேண்டாம்னா வேற வூட்டுக்குக் குடுத்துடறேன்" என்றேன். இனாமாக வந்த சாமான். அவன் தலையாட்டினான்.

அதுதான் சண்டை, ஐயா. அக்கம்பக்கத்தார் உங்களிடம் சொன்ன சண்டை. அவன் நன்றாகக் காற்றடி என்றிருக்கிறான், அவள் மாட்டேன் என்று அழுதிருக்கிறாள், கடைசியில் அழுதுகொண்டே அடித்திருக்கிறாள், தொட்டி வெடித்துவிட்டது. அவன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியதாகச் சொல்வது தவறு. அவன் உள்ளங்கையில் இருக்கிற புண் அவளை வெளியே இழுத்தபோது வந்தது. அவனை நீங்கள் விட்டுவிடலாம்.

நேற்று அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். பகலிலேயே கதவுகள் சாத்திக் கிடந்தன. யாரோ தங்கள் ஸ்டவ்வைக் கிணற்றடியில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள், நாய்கூடக் கிட்டே போகவில்லை. தீர்த்தம்மாளின் பிள்ளைகள் என்னைக் கண்டதும் ஓடிப்போய் ஒரு வண்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டன. நான் அப்படிப் பயப்பட வேண்டிய ஆள் இல்லை.

சென்றாயனுக்காக மட்டும் நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வெடித்த தொட்டி உங்கள் வசம் இருக்கிறது. தகடு கிழிந்தது இணைப்பிலா, வயிற்றிலா என்று நான் பார்க்க வேண்டும். அது தெரிந்தால் ஸ்டவ் வேலை முடிந்துவிடும். அதைக் கேட்டபோதுதான் நீங்கள் கதவைச் சாத்தச் சொன்னீர்கள்.

"இன்னும் எங்கெங்கய்யா குடுத்து வெச்சிருக்கற?"

மற்றவை கனமான தகடு, ஐயா. தீர்த்தம்மாளுடையதைவிட மெல்லியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

"அது யார் வூட்ல?"

"என் வூட்லதாங்க."

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டையாவின் கை நின்றுவிட்டது. ஊரார் வீட்டில் வைத்ததை என் வீட்டில் வைக்காவிட்டால் அது நியாயமா, சொல்லுங்கள்.

"உன் சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா அதுவும் பயந்துக்கும். பயந்தா காத்து சரியா அடிக்காது."

ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்கிறது. வேகமாகப் போனால் உலை வைப்பதற்கு முன்னால் போய்ச் சேரலாம். நீங்கள் என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று புரியவில்லை. ஞானமேரி மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது எங்கள் கோயில் தெருவுக்கே தெரியும். எனக்காக அவள் சிரமப்படக் கூடாது என்றுதான் அந்த ஸ்டவ் வந்த நாளிலிருந்து நான் ஓட்டலில் சாப்பிடுகிறேன். அவள் சமைக்கிற நேரத்தில் வீட்டிலேயே இருப்பதில்லை.